தவறியதற்கு ஒரு சுற்று

காதடைப்பான் மேலங்கியின் பைக்குள் இருக்கிறதா என்று பத்மநாதன் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்த சிவப்புக் காதடைப்பான். தொழிற்சாலையை இழுத்து மூடி, அவரும் வேலை மாறி, மீசையும் வெளுத்துப் போன பிறகும் அது மட்டும் அன்று வந்த நிறத்திலேயே இருந்தது. போடமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போடமாட்டேன் என்றுதானே சொன்னேன், கொண்டுவர மாட்டேன் என்று சொல்லவில்லையே, ஆகவே இது பொய்யில் சேராது என்று தனக்குள்ளேயே ஒரு வழக்கை நடத்தித் தானே தீர்ப்பும் எழுதி, அந்தத் தீர்ப்பில் முழுத் திருப்தி இல்லாமல் வேலியைப் பிடித்தபடி நின்றார். ஒஸ்லோவுக்கு மேலே உள்ள மலையில் மார்ச் மாதத்து வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பருவத்தின் கடைசி ஓட்டம். நவம்பர் முடிவில் சுவீடனில் தொடங்கி, ஒஸ்திரியா, ஜேர்மனி, இத்தாலி என்று பனி கிடக்கிற ஊரெல்லாம் சுற்றி வந்து இங்கே முடிகிறது. கீழே கோட்டில் நிற்கிற பெண்களுக்குள்ளே அவருடைய ஒரே மகள் நிருஜாவும் நின்றாள், காலில் சறுக்குக்கட்டை, முதுகில் துவக்கு. ஐந்து சுற்று ஓட வேண்டும். இடையிடையே நான்கு தடவை வந்து குறிபார்த்து ஐந்தைந்து வெடி வைக்க வேண்டும், முதல் இரண்டு தடவை குப்புறப் படுத்து, பிந்திய இரண்டும் நின்றபடி. எத்தனை வெடி தவறுகிறதோ அத்தனை முறை பக்கத்தில் உள்ள சின்ன வட்டத்தைச் சுற்றிவிட்டுத்தான் திரும்ப ஓட்டத்தில் சேரலாம். தண்டனைச் சுற்று என்று அதற்குப் பெயர். உலகத்தில் எத்தனையோ தண்டனைகளை அவர் அறிவார். பிழை செய்தவரை ஒரு வட்டம் ஓடவிட்டு, சரி, இனிப் போ என்று அனுப்பிவிடுகிற தண்டனையை இங்கேதான் கண்டார்.

"இஞ்சேருங்கோ, பையுக்க என்னத்தைத் தடவுறியள்?" என்றாள் சுகிர்தா. ஒரு கையில் கொடி, மறு கையில் தேநீர்ப் போத்தல், கழுத்துச் சால்வையை மூக்குவரை சுற்றியிருந்தும் கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒண்டுமில்லை." "சிவப்பா ஒண்டு தெரியுது." "மூக்குத் துடைக்கிற லேஞ்சி." "உங்களிட்ட சிவப்பு லேஞ்சி எந்தக் காலத்தில இருந்தது?" அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார். கீழே வெடி ஒன்று கேட்டது, ஓட்டத்தைத் தொடக்கி வைக்கிற வெடி, அதற்கே அவருடைய தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்கின. சுகிர்தா அதைக் கண்டும் காணாதவள்போலக் கொடியை ஆட்டினாள். முப்பது வருசக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட நாகரிகம் அது. பெண்கள் ஒரே கூட்டமாகக் காட்டுக்குள் ஏறி மறைந்தார்கள். அவர்கள் போன பின்னாலும் சறுக்குக்கட்டைகள் பனியில் உரசுகிற உஸ் என்ற சத்தம் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதா, அல்லது அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும் என்பதா? இரண்டும் ஒன்றல்ல. சைக்கிள் டயரிலிருந்து காற்றுப் போகிற சத்தமும் அதேதான், உஸ் என்று, அவசரமில்லாமல், முடிவேயில்லாமல். வேண்டாம். இப்போது அந்த வெங்காயத் தோட்டத்துக்குப் போக வேண்டாம். இங்கே நில். இது நோர்வே. இது வெயில். இது வேலி.

போன கிழமை தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, கடைசி ஓட்டம் ஒஸ்லோவில. நீங்கள் வாறியள்." "வாறன்தானே பிள்ளை. அங்க வாபிள் கடைக்கு ஆள் காணாதெண்டால் நான் வேணுமெண்டால்—" "அப்பா! ஒஸ்லோவில வாபிள் போட ஆயிரம் பேர் இருக்கினம். நீங்கள் சுடுற இடத்துக்கு நேர பின்னால, வேலியோட நிக்கிறியள். கடைசித் தரம் நான் சுடேக்க நீங்கள் அங்க நிக்க வேணும். கண்ணைத் திறந்துகொண்டு. காதையும் திறந்துகொண்டு."  பிறகு அவளே குரலை இறக்கிச் சொன்னாள்: "பயமெண்டால் குறியைப் பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ." இருபத்தாறு வயதுப் பிள்ளை. அவளுக்கு யார் சொன்னது? அவளுக்குத் தெரியவே கூடாது என்றுதானே இத்தனை வருசமும் மாவைக் கரைத்துக்கொண்டு நின்றார். வடக்கே அந்தச் சின்ன ஊரில் பிள்ளைகளின் சறுக்குக் கழகத்துக்குப் பெற்றோர் எல்லாரும் முறை வைத்துக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும், டுக்னாட் என்பார்கள், நம்முடைய சிரமதானந்தான். ஒருவர் ஓடுபாதையைத் திருத்துவார், ஒருவர் சுடுகிற குறிப்பலகைக்கு வெள்ளையடிப்பார். பத்மநாதன் முதல் நாளே வாபிள் பலகாரக் கடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏனென்றால் மரத்தால் கட்டிய அந்தக் கடை சுடுகிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இரும்பு அச்சில் மாவை ஊற்றி மூடினால் எழுகிற இரைச்சலும் ஆவியும் போதாதென்றால் தலையில் காதடைப்பான் இருந்தது. இசை கேட்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மற்றத் தகப்பன்மார் வேலிக்கரையில் நின்று எத்தனை குறி விழுந்தது, எத்தனை விழுந்தது என்று கத்துவார்கள். நிருஜா விறைத்த விரல்களோடு கடைக்கு ஓடி வருவாள். அவர் ஒருநாளும் எத்தனை என்று கேட்டதில்லை. "பசிக்குதோ?" என்பார், சுடச்சுட ஒன்றை அவள் கையில் வைப்பார். கழகத்தின் தலைவி தூரில் என்கிற நெட்டைப் பெண், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, முழுப் பெயரும் வாயில் நுழையாமல், பத் மாதிரி ஒரு தியாகி இந்த ஊரில் இல்லை, பத்து வருசமாக ஒரு போட்டியைக்கூடப் பார்க்காமல் நமக்கு வாபிள் போட்டிருக்கிறார், அதுவும் ஏலக்காய் இரண்டு மடங்கு, என்று சொல்லிக் கைதட்ட வைத்தாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஒளிந்து நின்றவனுக்குக் கிடைத்த கைதட்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, அதோடு தூரில் மீது ஒரு பாசமும் வருகிறது, அந்த இரண்டையும் பிரித்தெடுக்க முடியவில்லை.

முதல் தடவைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். காட்டிலிருந்து கூட்டமாக இறங்கி, முதுகிலிருந்து துவக்கைக் கழற்றி, பாயில் விழுந்து, முழங்கையை ஊன்றி. பத்மநாதன் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கடைசித் தரம் இல்லையே, கடைசித் தரத்துக்குத்தானே வாக்கு. இது சின்னத் துவக்கு, சத்தம் மூடிய கதவில் விரலால் தட்டுவதற்கு மேல் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் முப்பது பேர் சேர்ந்து தட்டினால் கதவு திறந்துவிடும் அல்லவா, திறந்தால் அங்கே வெங்காயத் தோட்டந்தான். ஊரில் போர்க்காலத்து ஒரு விடியற்காலை, பாத்தி கட்டிய செம்மண், இருபத்திரண்டு வயது, சைக்கிள் பின்கட்டில் ஒரு சாக்கு. எங்கிருந்தென்று தெரியவில்லை, வெடி. சைக்கிளோடு சரிந்து வரம்போரம் குப்புற விழுந்தார். கன்னம் மண்ணில், வெங்காயத் தாளின் மணம் மூக்கில், முழங்கை இரண்டும் உடம்புக்குக் கீழே. இவர்கள் இப்போது படுத்திருக்கிறார்களே, அதே கிடை. சுடுகிறவனும் சுடப்படுகிறவனும் ஒரே மாதிரித்தான் படுத்துக் கிடக்கிறார்கள் என்பது எவ்வளவு விசித்திரம். நாலோ ஐந்தோ வெடி. ஒன்று மட்டும் எங்கே பட்டதென்று தெரியும், டயரில். அவருடைய முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண் இராது. உஸ் என்று அது முழுவதும் மூச்சு விட்டு முடிகிறவரை அவர் தன் மூச்சை விடாமல் கிடந்தார். பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு காகம். யார் சுட்டது? அந்த நாளில் ஊரைச் சுற்றித் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒரு பகுதியினர் மட்டுமில்லை, அவர் விசாரிக்கவும் இல்லை. மற்ற வெடிகள் எங்கே போயின? இதுதான் முள். இந்த முப்பத்துச் சொச்ச வருசமாக அவருடைய நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் உடுப்பு ஆணியில் மாட்டினதுபோல நின்றுவிடுகிறது. தவறிய சன்னம் தவறிப் போய் இல்லாமற் போவதில்லை, எங்கேயோ போய்த்தான் சேருகிறது. ஊரில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று அடுத்த நாள் சொன்னார்கள். அடுத்த ஊரில்? அதை யார் கேட்டார்கள்? அவரும் கேட்கவில்லை. "அஞ்சும் விழுந்திட்டுது!" என்று சுகிர்தா அவருடைய கையைப் பிடித்து உலுக்கினாள். "கண்ணைத் திறவுங்கோப்பா, பிள்ளை போயிட்டாள்."

பக்கத்தில் பெரிய மாட்டு மணி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்த கிழவர், இவர்களுடைய ஆரவாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார்: "உங்கள் மகளா? ஜேர்மனியில் பக்கத்துக் குறியைச் சுட்ட பிள்ளைதானே?" பத்மநாதனுக்கு முகம் சூடேறியது. ஓம் என்று தலையாட்டினார். "ஐந்தையும் சுத்தமாக விழுத்தினாளே, அதை ஒருவரும் சொல்வதில்லை," என்றார் கிழவர். "என் பெண்சாதியிடம் அன்றைக்கே சொன்னேன், சுடுவதில் அவளுக்குப் பிழையில்லை, விலாசத்தில்தான் பிழை." மணியை மறுபடி ஆட்டத் தொடங்கிவிட்டார். நல்ல மனிதன். இந்தத் தேசத்தில் முன்பின் தெரியாத மனிதர்கள் வந்து இப்படி ஒரு சொல்லைக் கையில் வைத்துவிட்டுப் போவார்கள், நன்றி சொல்ல முதல் அடுத்த பக்கம் திரும்பிவிடுவார்கள். ஜேர்மனியில் அது நடந்தது ஜனவரி மாதம். நிருஜா முதல்தடவையாக முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல ரீவியின் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பருவம் முழுவதையும் அப்படித்தான் பார்த்தார், மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல. ஐந்து கறுப்பு வட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளையாகின. அவர் துள்ளி எழும்பினார். பார்த்தால் பிள்ளை தண்டனை வட்டத்தில் ஓடுகிறாள், ஒரு சுற்று, இரண்டு, ஐந்து சுற்று, எல்லாரும் அவளைக் கடந்து போகிறார்கள். அவளுடைய குறி அடுத்தது, ஒன்றுமே விழாமல் ஐந்தும் கறுப்பாக இருந்தது. ஆளில்லாத பக்கத்துக் குறியைச் சுட்டிருக்கிறாள். அன்றிரவு அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள். அப்பா பார்த்தவரோ, ஏன் அப்பா ஒன்றும் கதைக்கிறாரில்லை என்று அவள் கேட்க, சுகிர்தா முதலில் பொய் சொல்லி, பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற மாட்டாமல், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சைக்கிள், வெங்காயத் தோட்டம், வாபிள், காதடைப்பான் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்; அவருக்கு அது தெரிய வந்தது போன கிழமைத் தொலைபேசிக்குப் பிறகுதான். அந்தப் பிழையான குறி இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்திராது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அவர் இன்றைக்கு இங்கே நிற்கமாட்டார், வழக்கம்போல எங்கேயோ மாவைக் கரைத்துக்கொண்டுதான் நின்றிருப்பார். அதற்கு நன்றி சொல்லலாமா? மகளின் தோல்விக்கு ஒரு தகப்பன் நன்றி சொல்வது முறையா? முறையோ இல்லையோ, நெஞ்சுக்குள் இருப்பது அதுதான்.

இரண்டாம் தடவை அவ்வளவு மோசமாகப் போகவில்லை. சுகிர்தா தேநீரை ஊற்றி நீட்டியிருந்தாள், அவர் கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்து ஆவிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, காற்றின் திசை காட்டுகிற சின்னச் செங்கொடிகளைப் பார்த்தார். ஒன்று தவறிவிட்டது. நிருஜா வட்டத்தைச் சுற்றிவிட்டு ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ போனாள். மூன்றாம் தடவை அவர் தோற்றுப் போனார். அதை ஒளிப்பதற்கில்லை. நின்றபடி சுடுகிற முதல் தடவை. ஆறேழு பேர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள், எதிரொலி மலையில் பட்டுத் திரும்பி அவருடைய முதுகுக்குப் பின்னால் வெடித்தது, பின்னாலிருந்து வந்த அந்த ஒன்று போதும், கை தன்பாட்டில் பைக்குள் போய், காதடைப்பான் தன்பாட்டில் தலையில் ஏறிவிட்டது. உலகம் மீன்தொட்டியாயிற்று. மகள் தண்ணீருக்குள் நின்று சுடுவதுபோல் நின்றாள். ஐந்தும் விழுந்தன. கழற்றியபோது சுகிர்தா அவரைப் பார்க்கவில்லை, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "வடிவான லேஞ்சி." "நீர் சும்மா இரும்." "நான் ஒண்டும் சொல்லேல்லையே. காது குளிருமெண்டு போட்டிருப்பியள்." பிறகு, அந்தப் பகிடிக் குரலை விட்டு, "மூண்டாவதாப் போறாளப்பா," என்றாள். "இந்தக் கடைசியிலயும் அஞ்சு விழுந்துதெண்டால் மேடைதான். இந்த வருசம் முழுக்க ஒருக்காவும் ஏறாத மேடை." அவருக்கு மேடை பெரிதாகத் தெரியவில்லை. மேடை அவளுடைய பாடு. அவருடைய பாடு இந்த வேலி. இன்னும் ஒரு சுற்று, காட்டுக்குள் ஏறி, பாலத்துக்குக் கீழே புகுந்து, இறக்கத்தில் உட்கார்ந்து வந்து சேர எடுக்கிற நேரம். அவ்வளவு நேரத்துக்குள் ஐம்பத்தாறு வயது மனிதன் ஒருவன் வேறு மனிதனாகிவிட முடியுமா? ஓடிவிடலாம். கழிப்பறை அந்தப் பக்கந்தான், வரிசையும் நீளம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அங்கே மலைச்சரிவில் ஒரு வாபிள் கடையும் இருந்தது, வந்தபோதே பார்த்து வைத்துவிட்டார், யாரோ ஒரு தகப்பன் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மாவை ஊற்றிக்கொண்டு நின்றான். அவன் எதற்கு ஒளிந்து நிற்கிறானோ. இல்லை, எல்லாரும் ஒளிந்து நிற்க வேண்டுமென்றில்லை, சிலருக்கு வாபிள் போடப் பிடிக்கும். பத்மநாதன் காதடைப்பானைச் சுகிர்தாவிடம் நீட்டினார். "இதை வைச்சிரும். கேட்டாலும் தராதேயும்." அவள் அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு, இழுவையைச் சரக்கென்று இழுத்து மூடினாள்.

அவள் வருகிறாள். இறக்கத்தில் முதலில் இருவர், பின்னால் அவள், தொப்பிக்குக் கீழே பின்னல் ஆடுகிறது. குறிப்பலகைக்கு முன்னால் வந்து நின்று, கோல்களைப் பக்கத்தில் வைத்து, துவக்கைக் கழற்றுமுன், ஒரு கணம், கழுத்தைத் திருப்பி வேலியைப் பார்த்தாள். கண்டாளோ காணவில்லையோ, சனம் நிறைந்த வேலி அது. அவர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் வரவு சொல்கிற பிள்ளைமாதிரி. பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள், அவருக்கு அவளுடைய முதுகு மட்டுந்தான். குறியைப் பார்க்காதேங்கோ, என்னைப் பாருங்கோ. பார்த்தார். முதுகு மேலும் கீழுமாகப் போய் வந்தது. ஓடிவந்த மூச்சு. அதை அடக்கினால்தான் குழல் ஆடாமல் நிற்கும். ஆனால் முழுவதும் அடக்கவும் கூடாது, பாதியை விட்டுப் பாதியில் நிறுத்த வேண்டும், பருவம் முழுவதும் சத்தமில்லாமல் பார்த்ததில் அவர் கற்றுக்கொண்டது இது. பின்னல் தூங்கி விழுகிறவனின் தலைபோல ஏறி இறங்கி, ஏறி, நின்றது. வெடி. அவர் கேட்டார். கதவில் தட்டுகிற சத்தம்தான். திறக்கட்டும். வெங்காயத் தாள் மணந்தது, செம்மண் கன்னத்தில் ஒட்டியது, வரட்டும், ஆனால் கண்ணுக்கு முன்னால் பின்னல் அசைந்தது, மூச்சு வெண்புகையாக அவளுடைய தோளுக்கு மேலே எழும்பிக் கரைந்தது. இரண்டாவது. பின்னல் ஏறியது, அவரும் இழுத்தார். இறங்கியது, அவரும் விட்டார். மூன்றாவது. அந்த வரம்போரத்தில் விடாமல் பிடித்து வைத்த மூச்சு ஒன்று இத்தனை காலமும் உள்ளே எங்கேயோ தங்கி நின்று, இப்போதுதான் வழி கண்டதுபோல மெல்ல வெளியே போயிற்று. நாலாவது. சனம் ஒவ்வொரு வெடிக்கும் ஓ என்று கத்துகிறது, நாலு ஓ. முன்னால் நின்ற இருவரும் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்தாவதுக்கு அவள் காத்திருந்தாள். காற்று எழும்பிச் செங்கொடியை நிமிர்த்தியது, அவள் காத்திருந்தாள், சுகிர்தாவின் நகம் அவருடைய மணிக்கட்டில் பதிந்தது, அவள் இன்னும் காத்திருந்தாள். வெடி. ஓ வரவில்லை. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து விட்ட பெருமூச்சு ஒன்று வந்தது. கறுப்பு வட்டம் கறுப்பாகவே நின்றது.

தவறியது எங்கே போனது? அவர் முதல்தடவையாகக் குறிப்பலகையை நேரே பார்த்தார். அதற்குப் பின்னால் பனி மூடிய மண்மேடு, வெயிலில் வெள்ளையாக, யாருமில்லாமல், ஒன்றும் நடக்காததுபோல. அதற்குள்தான் போயிருக்கிறது. அங்கே கிடக்கும். அதனால் யாருடைய வீட்டிலும் ஒன்றுமில்லை. நிருஜா துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு வட்டத்துக்குள் திரும்பினாள், தலையைக் குனிந்து, கோல்களை ஊன்றி, ஒரேயொரு சுற்று. அவளைக் கடந்து ஒருத்தி போனாள், இன்னொருத்தி, இன்னும் ஒருத்தி. மேடை போய்விட்டது. பத்மநாதனுக்குத் துக்கம் வரவேண்டும், வந்ததுந்தான், ஆனால் அந்தத் துக்கத்துக்கு அடியில் வேறொன்று, வெட்கமில்லாமல், ஊற்றுமாதிரி எழும்பியது. அன்று தன்னைச் சுட்டவன், அவனும் தவறினவன். முகம் தெரியாதவன், பெயர் தெரியாதவன், எந்தப் பகுதியென்றே தெரியாதவன். அவனுக்கு அன்றைக்கு என்ன நடந்தது? யாரும் ஏசினார்களா, பகிடி பண்ணினார்களா, அல்லது அவன் தவறவேண்டுமென்றே தவறினானா? கை நடுங்கியதா, கொட்டாவி வந்ததா, காற்று எழும்பியதா? உயிரோடு இருந்தால் அவனுக்கும் இப்போது தலை வெளுத்திருக்கும். அவனுக்கும் ஒரு மகள் இருக்கலாம், அவளும் எதிலோ தோற்றும் வென்றும் வரலாம். அவனுடைய மற்ற வெடிகள் எங்கே போயின என்று அவருக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை, அதற்காக அவனை முழுவதும் விடுவிக்கிற உரிமை தனக்கு உண்டா என்றும் தெரியாது. ஆனால் டயரில் பட்டது அவருடைய பங்கு. அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் பேசலாம். அந்த ஒன்று தவறியபடியால்தான் மீன் தொழிற்சாலை, சுகிர்தா, தூரிலின் கைதட்டு, ஏலக்காய், இந்தக் கிழவரின் மணி, அந்தப் பின்னல், எல்லாம். அவர் அவனையும் மகளுக்குப் பின்னால் அந்த வட்டத்துக்குள் இறக்கிவிட்டார். மெலிந்த பெடியன், காலுக்குப் பொருந்தாத செருப்பு, பனியில் எப்படி ஓடுவதென்றே தெரியாமல் தட்டுத்தடுமாறி ஒரு சுற்று ஓடினான். ஓடி முடித்தான். சரி, இனிப் போ, என்றார் பத்மநாதன். நிருஜா வட்டத்திலிருந்து வெளியே வந்து அவருக்கு முன்னால் கடந்து போனாள். உஸ் என்று கேட்டது. வெறும் பனி.

"அழுறியளோ?" என்றாள் சுகிர்தா. "பனி விழுது." "வெயில் எறிக்குது." "வெயிலுக்குத்தான்." அவள் வேறொன்றும் கேட்காமல் தன் கழுத்துச் சால்வையின் நுனியை அவர் பக்கம் நீட்டினாள்.

ஏழாவதாக முடித்தாள். துவக்கைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, வியர்வையும் மூக்குநீரும் முகத்தில் உறைந்தபடி, வேலியோரம் தேடிக்கொண்டு வந்தாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். கிழவர் மணியை இரண்டு தரம் ஆட்டி மரியாதை செய்தார். பிறகு அவள் தகப்பனுடைய காதையும், தலையையும், பையையும் ஒரு சோதனைக்காரியின் கண்ணால் பார்த்தாள். "எங்க அது?" "கொம்மாட்டை, கைப்பைக்குள்ள." "கடைசித் தரம் போட்டனீங்களே?" "இல்லை." "உண்மையா?" "மூண்டாவதுக்குப் போட்டனான்," என்றார். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பு அரைவாசியில் நின்றது. "கடைசி ஒண்டு தவறிட்டுதப்பா. கனநேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன். விட்டிருக்க வேணும்." மற்றத் தகப்பன்மார் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? காற்றைப் பற்றி ஏதாவது சொல்வார்கள், அடுத்த பருவத்தைப் பற்றிச் சொல்வார்கள். அவருக்குச் சொல்ல அவ்வளவும் இருந்தது, வட்டத்தில் அவளுக்குப் பின்னால் ஓடியவன்வரை. "பசிக்குதோ பிள்ளை?" என்றார்.

"பசிக்குது," என்றாள் அவள், அழவும் சிரிக்கவும் செய்துகொண்டு.

அவள் வேலிக்கு மேலால் கையை நீட்டினாள். சுடுவதற்காகக் கையுறையின் சுட்டுவிரலை மெல்லிய துணியால் தைத்திருந்தார்கள், அந்த விரல் மட்டும் மற்ற நாலையும்விட விறைத்து மரக்கட்டையாக இருந்தது. விசையை இழுக்கிற விரல். இத்தனை வருசமும் அந்தக் கையில் வாபிளைத்தான் வைத்தார். பத்மநாதன் அந்த ஒரு விரலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடி, குனிந்து, வாயை அருகே கொண்டுபோய், சூடான மூச்சை மெல்ல மெல்ல ஊதத் தொடங்கினார்.